ஐந்தரை மணி மூச்சு

ஒருவர் குடித்திருக்கிறார் என்று முடிவு செய்ய வாயில் அடிக்கும் வாசனை மட்டும் போதாது. மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பின்பற்ற வேண்டிய விதி இது. மருத்துவர் நான்கைப் பார்த்து எழுத வேண்டும்: மூச்சின் வாசனை, கண்மணியின் நிலை, நடை, பேச்சு. அதன் பிறகு சிறுநீரைப் புட்டியில் எடுத்து, தக்கையால் அடைத்து, அரக்கு முத்திரை வைத்து, ரசாயனப் பரிசோதனைக்காகச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை அந்த மனிதர் குடித்தவரும் இல்லை, குடிக்காதவரும் இல்லை.

முப்பத்துநான்கு வருஷம் அரசாங்க மேஜையில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்த வரையில், விதியை எழுதுகிறவருக்கு மூக்கு கிடையாது. அதை அமல்படுத்துகிறவருக்கோ பல நேரங்களில் மூக்கைத் தவிர வேறொன்றும் கிடையாது.

நாங்கள் அப்போது கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே ஒரு ஊரில் இருந்தோம். ஊர்ப்பெயரை எழுதப் போவதில்லை. அங்கிருக்கிற ஆஸ்பத்திரியில்தான் இன்றைக்கும் மாத்திரை வாங்குகிறேன். எனக்கு ஒன்பது வயது. அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அம்மா மணலூர்பேட்டைப் பக்கத்துப் பெண்.

அம்மாவுக்கு ஒரு பெரிய அண்ணன் இருந்தார். நான் பிறக்கும் முன்பே சாராயம் அவரை முடித்துவிட்டது. கடைசி நாட்களில் அவருக்குப் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தது சின்னப் பெண்ணான அம்மாதான். அதிலிருந்து இனிப்பும் புளிப்பும் கலந்த எந்த வாசனை பட்டாலும் அம்மாவின் கைகள் ஜில்லிட்டுவிடும். பல் கிட்டும். சில சமயம் வாந்தியே வரும். எங்கள் வீட்டில் மாவு பொங்கிப் புளிக்கும் வரை காத்திருந்தது கிடையாது; இட்லி எப்போதும் கல். வாழைப்பழத்தைப் பச்சை மாறுவதற்குள் தின்று தீர்த்தோம். கரும்பு ஆட்டும் பருவத்தில் ஊரே வெல்லப் பாகின் வாசனையில் மிதக்கும்போது எங்கள் வீட்டு ஜன்னல்கள் மட்டும் சாத்திக் கிடக்கும். வெயிலில் வெந்தாலும் திறக்க விடமாட்டார்.

இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. அப்பா அதை ஒரு நடைமுறையாக மாற்றி வைத்திருந்தார். தினமும் மாலை ஐந்தரைக்கு வருவார், செருப்பைக் கழற்றுவார், அம்மாவின் எதிரே நின்று வாயைத் திறந்து "ஹா" என்று ஊதுவார். பெண் பார்க்க வந்த அன்று அம்மா போட்ட ஒரே நிபந்தனையாம் அது. அம்மா முகத்தை நீட்டி ஒரு கணம் முகர்வார். தலையசைப்பார். பிறகுதான் காபி. "ஆபீசுல ஒரு ஆஜர், வூட்ல ஒரு ஆஜர்" என்பார் அப்பா. அவருடைய மூச்சில் கொஞ்சம் மையும் இருக்கும். காகிதம் புரட்ட விரலை நாக்கில் தொடும் பழக்கம். அப்பாவுக்குப் பின்னால் நானும் வரிசையில் நின்று ஊதுவேன். எனக்கும் தலையசைப்பு உண்டு. அந்தத் தலையசைப்புக்குப் பிறகு வீடு முழுக்க இளகிவிடும். அம்மா பாட்டுகூட முணுமுணுப்பார்.

அந்த வருஷம் மாசியில் அப்பாவை நிலம் அளக்கும் குழுவோடு பதினைந்து நாள் மலைக்கு அனுப்பினார்கள். மலை என்றால் ஊறல் என்பது அடிவாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வெல்லமும் வேலம்பட்டையும் பானையில் கிடந்து புளிக்கும் சரக்கு அது. அப்பா கிளம்பிய நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

திரும்பி வந்த அன்று அப்பாவின் சட்டையில் விறகுப் புகையும் மூச்சில் வழக்கமான மையும்தான் இருந்தன. தலையசைப்பு கிடைத்தது. ஆனால் அதற்கடுத்த வாரங்களில் அப்பா மெலிந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். குடித்த வேகத்தில் தோட்டத்துப் பக்கம் போனார். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா சொன்னார். மலையில் வேறென்னவோ ஒத்துக்கொண்டுவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு தெருக்குழாயடி வழியாக அம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு அந்த நாட்களில் வேறு வேலை இருந்தது. தோட்டத்து மூலையில் துவைகல்லுக்குப் பின்னால், அப்பா ஒதுங்கும் இடத்தில், எறும்புகள் வர ஆரம்பித்திருந்தன. பத்து இருபது இல்லை, ஒரு படையே வந்தது. வழியில் குச்சி வைத்தேன், இலை வைத்தேன், தண்ணீரில் அகழி வெட்டினேன். எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து மொய்த்தன. ஒரு நாள் அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"வெல்லத்த எடுத்துக்கினு வந்து இங்க கொட்டுனியா?"

"இல்லம்மா, அதுங்களே வந்துதும்மா."

"அதுங்களே வருமா? எறும்புக்கு யாரு கடுதாசி போட்டது?"

முதுகில் இரண்டு விழுந்தது. விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா ஐந்தரைக்கு வந்தார். நேரே தண்ணீர்ப் பானைக்குப் போனார். இரண்டு சொம்பு குடித்தார். அம்மா எதிரே வந்து நின்றார்.

"தல வலிக்குது. நாளைக்கி ஊதறேன்" என்று அப்பா சொல்லிவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டார்.

கல்யாணமான நாள் முதல் ஒரு நாளும் தவறாத ஆஜர் அது. அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். நான் வாய்ப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்கும்படி அவரை உலுக்கினேன். அப்பா என் பக்கம் திரும்பி மூச்சு விட்டார்.

அன்னாசி மிட்டாய். எங்கள் பள்ளிக்கூட வாசலில் கண்ணாடி ஜாடியில் மஞ்சளாக விற்பார்களே, அந்த வாசனை. கொஞ்சம் அழுகின மாதிரியும் இருந்தது. ஆனால் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. பிறகு கோபம் வந்தது. எனக்குத் தராமல் தனியாகத் தின்றுவிட்டு வந்து தலைவலி என்று படுத்திருக்கிறார்! நேரே சமையலறைக்குப் போய்ப் புகார் கொடுத்தேன்.

"அம்மா, அப்பா மிட்டாய் துன்னுட்டு வந்துக்கீறாரு. எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கல. வாயெல்லாம் வாசனை."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. செத்துப்போன பெரிய மாமா, குடித்த நாளிலெல்லாம் வாசனை தெரியாமலிருக்க இனிப்பு எதையாவது வாயில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாராம். இது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அன்று நான் பார்த்தது, அம்மா விறுவிறுவென்று போய் அப்பாவின் முகத்தருகே குனிந்ததையும், தீயில் பட்டவர்போல விலகியதையும்தான். கைகளைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"இன்னா சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் சாப்புடல. வவுறு வலிக்குது. தண்ணி குடு, நாக்கு ஒட்டிக்குது."

"எங்க அண்ணனுக்குந்தான் நாக்கு ஒட்டிக்கும்."

அப்பா எழுந்து உட்கார முயன்றார். "ஏ, இன்னா பேசற நீ? நான் தொடுவனா அத?"

"அதுவும் இதேதான் சொல்லும். சாவற வரிக்கும் சொல்லிக்கினு இருந்துது."

அம்மா சமையலறைக்குத் திரும்பிப் போனார். தண்ணீரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. மிட்டாய் விஷயத்தை நான் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டேன் என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு லீவு, அப்பாவுக்கு வேலை நாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தார். ஓடி வந்தவர்போல ஆழமாக மூச்சு வாங்கினார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். விடுப்பு விண்ணப்பம் முன்கூட்டியே தர வேண்டும் என்று நம்பிய தலைமுறை. அம்மா அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணிக்குச் சித்தப்பா சைக்கிளில் வந்தார். அப்பாவின் தம்பி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார்.

"அண்ணி, அண்ணன் பஸ் ஸ்டாண்டுல வுழுந்துட்டுது. சோடாக் கடையில தண்ணி கேட்டுக்கினே வுழுந்துது. போலீஸ்காரரு வாய மோந்து பாத்துட்டு, குடிச்சிக்கீறான்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூட்டாரு. சீட்டு எழுதி கேசு போடுவாங்களாம். வேலையே பூடும் அண்ணி. வாங்க."

அம்மா எழுந்திருக்கவில்லை.

"ஒருத்தருக்காக ஒருவாட்டி போயி நின்னேன். இன்னொருவாட்டி நிக்க என்னால ஆவாது. நீ போ."

நான் சித்தப்பாவின் சைக்கிள் பாரில் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. என்னால்தான் இது என்று பட்டது. எப்படி என்றுதான் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரி முழுக்க பினாயில் வாசனை. வழக்கமாக அந்த வாசனைக்கே எனக்கு ஊசி குத்தினதுபோல் தொடை வலிக்கும். அன்று அதையும் தாண்டி அன்னாசி மிட்டாய் வந்தது. அப்பா பெஞ்சில் சரிந்து கிடந்தார். போலீஸ்காரர் அவருடைய காலரைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தார். ஒரே ஒரு டாக்டர். அவருக்கு முன்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"சார், இங்கயே அடிக்குது பாருங்க" என்றார் போலீஸ்காரர்.

டாக்டர் குனிந்தார். மூக்கைச் சுளித்தார். அவ்வளவுதான். மற்ற மூன்றும் தாமாகவே நிரம்பின. நிற்க வைத்தார்கள், விழுந்தார். நடை தள்ளாட்டம். பெயரென்ன என்று கேட்டார்கள், "தண்ணி" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இன்னும் வோணுமாம்யா அவனுக்கு!" என்றது ஒரு குரல்.

பேச்சு குழறல். கண்ணைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது, பார்த்ததாக எழுதியிருக்கிறது. பிற்காலத்தில் நானே அப்பாவின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து கோப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாத சான்றிதழ். நான்கு கேள்விக்கும் நான்கு பதில்.

"அது சாராய வாசனை இல்ல சார், மிட்டாய்" என்றேன் நான். மறுபடியும் சிரித்தார்கள். சித்தப்பா என் வாயைப் பொத்தினார். டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுப் போலீஸ்காரரிடம் கொடுத்தார்.

வார்டில் வேலை செய்யும் ஆயா, விதிப்படி சிறுநீரைப் பிடித்துப் புட்டியை ஜன்னல் கட்டையில் வைத்தார். முத்திரை வைக்க அரக்கு தேடினார்கள். இல்லை. தீர்ந்துபோய் எத்தனை நாளோ. தபால் ஆபீசில் கேட்டு வாங்கி வர ஆள் போயிற்று. இவ்வளவு காலம் அரசாங்கத்தில் இருந்தும், கையிருப்பு இல்லாததால் நன்மை விளைந்த ஒரே சம்பவம் எனக்கு இதுதான் தெரியும்.

முக்கால் மணி நேரம் போயிற்று. அப்பாவின் மூச்சு இப்போது அறை முழுக்கக் கேட்டது. துருத்தி ஊதுவதுபோல. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. சித்தப்பா டாக்டரின் மேஜைக்கும் பெஞ்சுக்குமாக நடந்தார். "போதை தெளியட்டும்யா" என்று இரண்டு தடவை பதில் வந்தது. நான் செய்வதறியாமல் ஜன்னல் பக்கம் நின்றேன். அப்போதுதான் அவற்றைப் பார்த்தேன். சுவர் வழியாக ஏறி, கட்டையின் விளிம்பைச் சுற்றி, புட்டியின் வெளியே வழிந்திருந்த ஈரத்தை நோக்கி ஒரு வரிசை.

"சித்தப்பா, எறும்பு இங்கயும் வந்துட்டுது பாரு!" என்று கத்தினேன். பழைய சிநேகிதர்களைக் கண்ட சந்தோஷம்கூடக் கொஞ்சம் இருந்திருக்கும். "எங்க வூட்டுத் தோட்டத்துல அப்பா போற எடத்துல இதே மாதிரிதான் மொய்க்கும். நான் வெல்லம் கொட்டுனேன்னு அம்மா என்ன அடிச்சிது."

டாக்டரின் பேனா நின்றது.

அவர் எழுந்து வந்து புட்டியைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தருகே மறுபடி குனிந்தார். இந்தத் தடவை மூக்கைச் சுளிக்கவில்லை. இரண்டு மூன்று மூச்சு நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் வெளுத்திருந்தது.

"எத்தன நாளா தண்ணி நெறைய குடிக்கிறாரு?"

"மலையிலருந்து வந்ததுலருந்து" என்றேன்.

ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, புட்டியிலிருந்து சில சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, பிறகு செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. நான் அதைவிட அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. கைதட்டப் போனேன். டாக்டரின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டேன்.

"இது குடி இல்ல. சக்கரை. ரத்தமே கெட்டுப்போயிருக்கு. இன்சுலின் வேணும், இங்க இல்ல. கள்ளக்குறிச்சிக்கு ஆள் விட்டு வாங்கறதுக்குள்ள..." என்று நிறுத்தினார்.

வரிசையிலிருந்து அதே சிரித்த குரல்தான் சொன்னது: "வெல்ல மண்டிக்காரரு தெனம் ஊசி போட்டுக்கறாரே சார். மருந்த பானைத் தண்ணியில வெச்சிக்கினு இருப்பாரு."

சித்தப்பா அதற்குள் சைக்கிளில் ஏறியிருந்தார்.

போலீஸ்காரர் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். "சார், குடிச்சிக்கீறாருன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே. இப்ப நான் இன்னா பண்றது?"

"அது உங்கிட்டயே இருக்கட்டும். இவரு எங்கிட்ட இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

சித்தப்பா போகிற வழியில் வீட்டு வாசலில் நின்று கத்தியிருக்க வேண்டும். மருந்து வந்து ஊசி போட்டு, உப்புத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்ட நேரத்தில் அம்மா வந்தார். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார். கதவருகே அந்த வாசனை முகத்தில் பட்டதும் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டார். கால் உள்ளே வரவில்லை.

டாக்டர் அவரிடம் போனார். அவர் சொன்னது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது.

"அம்மா, இந்த வாசனை சாராயம் இல்ல. சக்கரை வியாதி முத்தினா வர்றது. நர்ஸ் ஒருத்தர்தான் இருக்காங்க, பிரசவ வார்டுல நிக்கிறாங்க. நீங்க இவர் பக்கத்துல உக்காந்து மோந்து பாத்துக்கிட்டே இருக்கணும். வாசனை கம்மியானா மருந்து கேக்குதுன்னு அர்த்தம். ஜாஸ்தியானா என்ன கூப்பிடுங்க."

உலகத்தில் எந்த வாசனையிலிருந்து அம்மா பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தாரோ அதை முகர்ந்துகொண்டு உட்காரும் வேலை. அம்மா உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் வாயருகே குனிந்தார். உடம்பு தூக்கிப் போட்டது. ஜன்னலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி குனிந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று. பிறகு இரண்டு. அம்மா குனிந்தார், நிமிர்ந்தார், குனிந்தார். ஒரு கை கட்டில் கம்பியை விடவே இல்லை. டாக்டர் வரிசைக்கு நடுவே எழுந்து எழுந்து வந்து கேட்பார். அம்மா தலையை மட்டும் ஆட்டுவார், இல்லை என்று. மூன்று மணிக்கும் இல்லை. டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அம்மா அப்பாவின் காதில் ஏதோ சொல்லித் திட்டிக்கொண்டே இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். இந்த நிலையிலுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான்கு மணி தாண்டியதும் அம்மா குனிந்தவர் நிமிரவில்லை. வெகு நேரம் அப்படியே இருந்தார்.

"டாக்டரே" என்றார். "கம்மியாய்க்கினு வரா மாதிரி கீதுங்க."

டாக்டர் வந்து குனிந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது வேலைக்காகத்தான்; ஓய்வாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அப்பா கண் திறந்தபோது அம்மாவின் முகம் அவருடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"ஊதுங்க" என்றார் அம்மா.

அப்பா ஊதினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை ஆகப் பத்து நிமிஷம் இருந்தது.

பிழைத்த மனிதருக்குச் சட்டம் ஒரு வழி சொல்லவில்லை. டாக்டர் தன் சான்றிதழ் தவறு என்று இரண்டாவதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். ஒரே மருத்துவர், ஒரே நாள், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சான்றிதழ்கள். ஆகவே சென்னையின் பதில் வரும்வரை அப்பா தற்காலிகப் பணிநீக்கம். அரக்கு வைத்த புட்டி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, மூன்றாம் நினைவூட்டு. அப்பா வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு, சித்தப்பாவின் கடையில் பஞ்சர் கணக்கு எழுதிக்கொண்டு காத்திருந்தார். வாசலில் போகிறவர்களில் சிலர் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது அம்மாதான். மாலை ஆஜரை அவர் நிறுத்தவில்லை. கூட்டினார். விடியற்காலையில் எழுப்பி "ஊதுங்க" என்றார். மதியம் கடைக்குச் சோறு கொண்டுபோய் அங்கேயும் ஊதச் சொன்னார். தினமும் காலையில் துவைகல்லுக்குப் பின்னால் போய்க் குனிந்து தரையை வேறு பார்த்துவிட்டு வந்தார். இவ்வளவு நடந்தும் இந்த மனுஷியின் சந்தேகம் தீரவில்லையே என்று நான் அவரோடு நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது பதில் வந்தது. மாதிரியில் சாராயம் காணப்படவில்லை. சர்க்கரை குறித்துக் கேட்கப்படவில்லையாதலால் பார்க்கப்படவில்லை. அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. நான் அதைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

"பாத்துக்கோ, கவர்மெண்டே சொல்லிட்டுது, அப்பா குடிக்கலன்னு. இனிமேலாவது அவர நம்புவியா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். காகிதத்தைப் பார்க்கவில்லை. மணியைப் பார்த்தார். என்னைத் தாண்டிக் கூடத்துக்குப் போய் அப்பாவின் எதிரே நின்றார்.

"ஊதுங்க" என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டே ஊதினார். அவருக்குப் புரிந்திருக்கிறது. எனக்குத்தான் அழுகை வந்தது. காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். துவைகல்லுக்குப் பின்னால் ஓர் எறும்புகூட இல்லை. அம்மா தினமும் காலையில் அங்கே குனிந்து தேடியது அதைத்தான் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

கசங்கின அந்தக் காகிதத்தை அம்மா எடுத்து நீவி அரிசிப் பெட்டியில் வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது. மேல் மூலையில், கிடைக்கப்பெற்ற தேதியென்று ஒரு வட்ட முத்திரை: நவம்பர் 19. அதற்குள் அம்மா எத்தனை நூறு தடவை முகர்ந்து தன் பதிலைப் பெற்றிருந்தாரோ.